காந்தம் விழுந்த இடம்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு காரைத் தடவிப் பார்த்தே அது எங்கெங்கே அடிபட்டது என்று எங்கள் மாமா சொல்லிவிடுவார். அம்மாவுக்கு அண்ணன். சென்னையில் ஒரு பெரிய டிங்கரிங் பட்டறையில் தலைமை மிஸ்திரி. நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். எனக்கு அப்போது பத்து வயது. உலகத்தில் மாமாவைவிடக் கெட்டிக்காரர் யாருமில்லை என்பது என் எண்ணம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். அதை மறுபடி மாற்றிக்கொள்ளப் பல வருடம் ஆனது.

எங்கள் நைனாவிடம் ஒரு வண்டி இருந்தது. முன்பாதி பழைய கார். பின்பாதியை லாரி ஒன்று இடித்து நொறுக்கியிருந்ததால் சல்லிசாகக் கிடைத்தது. எங்கள் ஊரான பழவேற்காட்டில் படகு கட்டுகிற ஆசாரியைக் கூப்பிட்டு, நொறுங்கிய பாதியை அறுத்துப் போட்டுவிட்டு, மரத்தால் ஒரு பின்புறம் கட்டினார் நைனா. படகுக்குச் செய்வதைப் போலவே பலகைச் சந்துகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசியிருந்தார் ஆசாரி. உள்ளே ஐஸ் உருகினாலும் வெளியே சொட்டாது. மடவையும் இறாலும் அதில்தான் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகும். திரும்பும் வழியில் நான் பள்ளியிலிருந்து அதில்தான் வருவேன். வகுப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மீன்பொட்டி' என்றால்தான் நான்.

அந்த வருடம் சென்னையின் பழைய கார்க்காரர்கள் தங்கள் கண்காட்சியைப் பழவேற்காட்டில் வைத்தார்கள். பழைய கார்களுக்குப் பக்கத்தில் பழைய கல்லறைகள் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். டச்சுக் கல்லறைக்குப் பக்கத்து மைதானத்தில் கார்கள் வரிசையாக நின்றன. கம்பெனி விட்டபடியே இருக்கிற கார்களுக்கு ஒரு பரிசு. பாடியை மாற்றிக் கட்டிய கார்களுக்கு இன்னொரு பரிசு.

இந்த இரண்டாவது பரிசில்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை. ஒரு நடுவருக்குச் சிவப்பு பிடிக்கும், இன்னொருவருக்கு நீளமான பானெட் பிடிக்கும். போன வருடம் கோப்பையைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டுப் போன ஒருவரும் உண்டாம். அதனால் இந்தத் தடவை சங்கச் செயலாளர் எங்கள் மாமாவை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்.

முந்தின நாளே வந்த மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் ஐந்து கேள்விகள் எழுதினார்.

“கம்பெனி வண்டின்னா, கம்பெனி வுட்ட மாதிரி இருக்குதான்னு பாத்துடலாம் மச்சான்,” என்றார் நைனாவிடம். “கட்டுன வண்டிக்கு எதை வச்சுப் பாக்கறது? அழகைப் பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். வேலையைத்தான் பாக்கணும். எல்லாத்துக்கும் ஒரே கேள்வி, ஒரே மாதிரி.”

கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறதா. மூடிய கதவைச் சுற்றி இடைவெளி சமமாக இருக்கிறதா. கூரைமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் உள்ளே ஒழுகுகிறதா. மேடு பள்ளத்தில் ஓட்டினால் சத்தம் வருகிறதா. கடைசியாக, துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க வைத்தால் ஒட்டுகிறதா. தகட்டைத் தட்டிச் சரிசெய்யாமல் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் விழுந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் பத்து மார்க். காந்தம் விழுந்தால் அந்தக் கேள்விக்கு சைபர்.

ஞாயிறு காலையில் நைனாவும் நானும் ஐஸ் இறக்க அந்தப் பக்கம் போனபோது செயலாளர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டார். சுற்றிச் சுற்றி வந்து, “இதையும் நிறுத்துங்க,” என்றார். நைனா வெட்கப்பட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்த வைத்தேன். கோப்பையோடு திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைவதை அப்போதே பார்த்துவிட்டேன்.

மாமா தாளை மடித்துச் செயலாளரிடம் நீட்டினார். “இவரு என் தங்கச்சி வூட்டுக்காரரு. அந்தச் சிவப்பு வண்டி நானே கட்டினது. வேற ஆளைப் பாருங்க சார்.”

சிவப்பு வண்டிக்காரர் ஒரு அரிசி மில் முதலாளி. மாமாவின் பட்டறைக்குப் பாதி வேலை அவரிடமிருந்தும் அவர் சிநேகிதர்களிடமிருந்தும்தான் வரும். அவர் சிரித்தார். “இவனே பாக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.” ஏன் இருக்கப்போகிறது?

“சரி,” என்றார் மாமா. “ஆனா மார்க்கைச் சத்தமா சொல்லித்தான் போடுவேன்.”

போட்டிக்கு மூன்று வண்டிகள். மில்காரரின் சிவப்புக் கார், எங்களுடையது, திருப்பாலைவனத்து மைக்செட்காரரின் கார். அவர் குழாய் ஸ்பீக்கர்களை வைக்கக் கூரையைத் தகரத்தால் உயர்த்திக் கட்டியிருந்தார். தொப்பி போட்ட ஆமை மாதிரி இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவரைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

ஒரே குடம், ஒரே விரல். மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் வண்டியின் கூரையில் தண்ணீர் ஊற்றியபோது உள்ளே விரித்திருந்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. கூட்டம் கை தட்டியது. நான்கு கேள்விகள் முடிந்தபோது கரும்பலகையில் எங்களுக்கு முப்பத்தெட்டு, மில்காரருக்கும் முப்பத்தெட்டு. மைக்செட்காரருக்கு முப்பத்து மூன்று.

காந்தம் வந்தது. சிவப்புக் காரின் பானெட்டில் ஒட்டியது, கதவுகளில் ஒட்டியது. வலதுபக்க மட்கார்டுக்கு வந்ததும் மாமாவின் கை ஒரு நொடி தயங்கியது. அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மாமா காந்தத்தை அங்கேதான் வைத்தார். அது புல்லில் விழுந்தது.

“இங்க பட்டி,” என்றார் கூட்டத்துக்குக் கேட்கும்படி. “அரை இஞ்ச் இருக்கும். பூசினது நாந்தான்.”

மில்காரரின் முகம் சிறுத்துவிட்டது. “இன்னாய்யா சொல்ற?”

“கல்யாணத்துக்கு வண்டி வேணும்னு அவசரப்படுத்தினீங்க சார். தட்டி எடுக்க டைம் இல்ல. சைபர்.”

எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது. கோப்பை எங்களுக்குத்தான். மாமா எங்கள் வண்டிக்கு வந்தார். முன்பக்கம் முழுக்கக் காந்தம் ஒட்டியது. பின்பக்க மரத்தில் வைத்தார். விழுந்தது.

“மரத்துல எப்படிங்க ஒட்டும்?” என்று கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். செயலாளரும், “இதுக்கு இந்தக் கேள்வியை விட்டுடலாமே,” என்றார்.

“ஏன் விடணும்?” என்றார் மில்காரர். “மச்சான் வண்டின்னா மட்டும் வேற சட்டமா?”

மாமா காந்தத்தைக் கையில் எடுத்தார். நைனாவைப் பார்த்தார். நைனா லேசாகத் தலையசைத்தார், சைபர் போடு என்பதுபோல.

“மரத்துல ஒரு வண்டி வரும்னு நான் நெனச்சுப் பாக்கல,” என்றார் மாமா. “கேள்வியை எழுதினது என் தப்பு. அடுத்த வருஷம் மாத்தி எழுதுங்க. இன்னிக்கு, விழுந்தா சைபர்னு எழுதியிருக்குது. பாதியில மாத்தினா, அவருக்குப் போட்ட சைபருக்கு இன்னா மரியாதை? இதுக்கும் சைபர்.”

மைக்செட்காரரின் தகரத்தில் காந்தம் கூரை முதல் ஏறும் படிவரை ஒட்டியது. நாற்பத்து மூன்று. கோப்பையை வாங்கும்போது அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ என்பதுபோல.

நான் அழுதேன். “மாமா ஏமாத்திட்டாரு,” என்று நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நைனா, “வாயை மூடு,” என்றார். அவர் என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. மரத்தில் காந்தம் ஒட்டாது என்பதுகூடத் தெரியாதவரா மாமா? சொந்தத் தங்கை வீட்டுக்கு ஒரு கோப்பையைத் தரக்கூட மனமில்லாதவர் என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் மில்காரர், கண்காட்சிக்கு வந்திருந்த மாமாவின் பட்டறை முதலாளியைத் தனியே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு முதலாளி மாமாவைக் கல்லறை மதிலோரம் அழைத்துப்போனார். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் கொடுப்பது தெரிந்தது. பெரியவர்கள் எதையெதையோ கொடுத்து வாங்குவார்கள், அதிலென்ன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள். மாமா எங்களோடு வீட்டுக்கு வந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார மறுத்து, பின்னால் ஈரப் பலகைமேல் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் நைனா அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, குழம்பிலிருந்த பெரிய நடுத்துண்டை மாமாவின் தட்டில் வைத்தாள்.

“நீ சாப்புடுணா,” என்றாள்.

எனக்கு வால் துண்டு. தோற்கடித்தவருக்கு விருந்து வைக்கிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமையும் மாமா இருந்தார். அடுத்த திங்களும் இருந்தார். காலையில் நைனாவோடு பொன்னேரிக்குப் போய் மீன் பெட்டிகளை இறக்கினார். சாயங்காலம், “இன்னிக்காவது மாமாகிட்ட பேசுவியா?” என்று கேட்பார். நான் புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வேன். அவர் சிரித்துக்கொண்டு எழுந்து போவார்.

காட்டூரில் ஒரு டிராக்டர் ஷெட்டில் அவருக்கு வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆனது. பட்டறையில் வாங்கியதில் பாதிச் சம்பளம். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே மாமாவுக்கு வேலை போய்விட்டது என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது. அந்த இரண்டு மாதமும் மாமா லீவில் வந்திருக்கிறார் என்றே நான் நம்பியிருந்தேன். எனக்கு மட்டும் தினமும் பள்ளிக்கூடம், இவருக்கு மட்டும் எப்படி இத்தனை நாள் லீவு கொடுக்கிறார்கள் என்று அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.