ஃபைலகா தீவின் கதவுகள்

குவைத்தில் வேலை பார்த்த நாளில், ஒரு வெள்ளிக்கிழமை மங்காஃப் பகுதியில் ஒரே ரூமில் இருந்த நண்பர்களோடு வாடகைப் படகில் ஃபைலகா தீவுக்குப் போனேன். தொண்ணூறில் ஈராக் படை நுழைந்தபோது குடும்பங்கள் விட்டுப்போன தீவு அது. படகோட்டி யாழ்ப்பாணத்துக்காரர், வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். குண்டு துளைத்த வீடுகளில் நாங்கள் புகுந்து புகுந்து படமெடுத்தோம். அவர் பின்னாலேயே வந்து, நாங்கள் திறந்துபோட்ட ஒவ்வொரு கதவையும் சாத்தினார். கூரையே இல்லாத வீட்டைக்கூட விடவில்லை.

“யாருமில்லாத வீட்டுக்குக் கதவு எதுக்குண்ணே?” என்றேன்.

“நாங்கள் ஊரைவிட்டு ஓடேக்க வீட்டுக் கதவைச் சாத்தேல்லை, தம்பி. பிறகு ஆராவது சாத்தியிருப்பினம்தானே?”

அடுத்த வீட்டுக் கதவை நானே சாத்தினேன்.