பாஸில் இல்லாத ஊர்

என் மனைவியை நான் முதன்முதலில் பார்த்ததே அவளைக் கப்பலில் ஏறவிடாமல் தடுத்தபோதுதான்.

போர்ட் பிளேரில், நிகோபார் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதும் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். தமிழரோ வங்காளியோ தெலுங்கரோ, எல்லோரும் அதைப் பாஸ் என்றுதான் சொல்வார்கள். பாஸில் ஆளின் பெயர் இருக்க வேண்டும். அவர் எந்தத் தீவில் இறங்கப் போகிறார் என்பதும் இருக்க வேண்டும். கார் நிகோபார் என்று எழுதியிருந்தால் கார் நிகோபார் மட்டும்தான். கப்பல் கச்சாலுக்கும் போகிறதே என்று அங்கே இறங்கினால், ஜெட்டியில், அதாவது இறங்குதுறையில், நிற்கும் போலீஸ்காரர் அதே கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார். பி.ஏ. படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனவன் நான். விதியில் என்ன இருக்கிறதோ அதைச் செய்வது கௌரவம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் பிறகு தவறு செய்தேன்.

ஒரு நாள் ஹேடோ துறைமுகத்தில் பாஸ் சரிபார்க்கும் வேலை எனக்கு. கச்சாலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் சீட்டில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கூட வந்த மகளின் பெயர் விடுபட்டிருந்தது. எழுதியவர் எங்கள் அலுவலகத்துக்காரர்தான். தப்பு எங்களுடையது என்று தெரிந்தும் நான் விடவில்லை. பெயர் இல்லை, ஏற முடியாது என்றேன்.

"பேரு இல்லேன்னா என்னங்க, நான்தான் இருக்கேனே" என்றாள் அந்தப் பெண்.

நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கப்பல் அவள் இல்லாமல்தான் போனது. பெரியவர் கம்பியைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டு போனார். அவள் அடுத்த கப்பல் வரும்வரை போர்ட் பிளேரிலேயே, பத்துபஸ்தியில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தங்கினாள். புதுப் பாஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குமாஸ்தாக்கள் வீடு தேடிப் போய்ப் பாஸ் கொடுக்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த வருடமே எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

அவள் இலங்கையில், புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, அவள் அப்பாவுக்கு இந்தியா என்று வந்தது. அக்காள் கணவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அக்காள் அங்கேயே இருந்துவிட்டாள். அப்பாவையும் இவளையும் கச்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அம்மா அதற்கு முன்பே இறந்து, தோட்டத்துச் சரிவில் புதைக்கப்பட்டிருந்தாள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று இவளுக்குக் கடும் காய்ச்சல். எல்லோரும் புதைத்த இடத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். இவளை மட்டும் போர்வையைச் சுற்றி லாரியில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஒன்றை எத்தனை குறைவாகச் சொல்கிறாளோ அத்தனைக்கு அது அவளுக்கு வேண்டும் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

எழுபதுகளின் நடுவில் போய்வரலாம் என்று முடிவு செய்தேன். விசாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஹேடோ குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர்தான் வழி சொன்னார்.

"தலைமன்னார்ல எறங்குனதும் அங்கேயே முஹர் போட்டுக் குடுத்துடுவான் பாபுஜி. டூரிஸ்ட்டுன்னு சொல்லுங்க, காம் கதம்."

முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள், வேலை முடிந்தது என்கிறார். எனக்கு அத்தனை எளிதாகத் தோன்றவில்லை. இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மறுபடி வந்தால், அங்கேயே தங்கிவிடுவார்களோ என்று சந்தேகப்படுவார்கள் எனக் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அலுவலகக் கோப்பு தயாரிப்பதுபோல எங்கள் பயணத்தைத் தயாரித்தேன். சுற்றுலாப் பயணிகள் எங்கே போவார்களோ அங்கே மட்டும் போவது. அனுராதபுரம், சிகிரியா, கண்டி. புசல்லாவையைச் சேர்க்கவில்லை. யாராவது சுற்றிப்பார்க்கத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போவார்களா?

"நம்ம ஊரு?" என்று கேட்டாள்.

முதலில் உள்ளே போவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது என்றாள். சரி என்று தலையாட்டி வைத்தேன்.

சென்னைக்குக் கப்பலில் போகும்போது மேல்தளத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் நடத்தினேன். அதிகாரி இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிக் கேட்டால் அப்படி. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள். நடுவில் சிரித்துவிட்டாள்.

"நான் பொறந்த நாட்டுல நான் எதப் பாக்கப் போறேன்னு நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்குறீங்க."

நானும் சிரித்தேன். ஆனால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

இராமேஸ்வரத்தில் படகேறித் தலைமன்னாரில் இறங்கினோம். துறையை ஒட்டிய கொட்டகையில் வரிசையில் நின்றோம். அதிகாரி யாழ்ப்பாணத் தமிழர், நடுவயது. சுற்றுலா என்று சொன்னதும் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பார்க்கப் போகும் இடங்கள் என்ற வரியில் என் அழகான கையெழுத்தில் மூன்று ஊர்களையும் எழுதினேன். அவர் என் மனைவியின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"புசல்லாவையில பிறந்திருக்கிறியள். அங்க போகேல்லையோ?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இல்லை சார், சுற்றிப்பார்க்க மட்டும்தான், எழுதியிருக்கிற இடங்கள் மட்டும்தான் என்றேன். அவள் குனிந்து செருப்பைப் பார்த்தாள். அதிகாரி எங்கள் இருவரையும் சற்றுப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

"சரி, வடிவாச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ."

அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சொல்லப்போனால் அடுத்த சில நாட்கள் எங்கள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். அனுராதபுரத்தில் ஒரு குளத்தங்கரையில் காலை நனைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். சிகிரியாப் பாறையில் பாதி ஏறியதும் எனக்குத் தலை சுற்றியது. கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஏறிப் போனாள். கொழுந்துக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி வளர்ந்த கால்கள். உச்சியிலிருந்து இறங்கி வந்து, இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் தேயிலையைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை என்றாள். என் திட்டத்தை அவள் பாராட்டியதாக நான் எடுத்துக்கொண்டேன்.

கண்டிக்கு அக்காவை வரச் சொல்லி எழுதியிருந்தேன். பஸ் நிலையத்தில் இறங்கிய அந்த அம்மாளைப் பார்த்ததும் என் மனைவி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அக்காள்தான் வந்து அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு துணிமூட்டையைப் பிரித்து, தேங்காய் போட்டுச் சுட்ட ரொட்டியும் சம்பலும் எடுத்து எங்கள் இருவர் கையிலும் வைத்தாள். சாப்பிடச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினாள்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கோம் தம்பி. லயத்துல எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப பஸ்ஸு பொறப்பட்டா பொழுது சாயுறதுக்குள்ள போயிரலாம்."

வர முடியாது என்றேன். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் அந்த ஊர் இல்லை, பிடித்தால் உங்களுக்கும் தொந்தரவு என்று விளக்கினேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அரசாங்கக் காரியம் என்பதால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

என் மனைவி என்னைத் தனியாக அழைத்துப் போனாள். கையில் கடித்த ரொட்டி அப்படியே இருந்தது.

"நீங்க இங்கயே இருங்க. நான் அக்காகூடப் போயி அம்மாவப் பொதச்ச எடத்தப் பாத்துட்டு விடியக்கால பஸ்ஸுல வந்துடுறேன்."

"பாஸ்ல இல்லாத ஊருக்கு எப்படிப் போறது?" என்றேன்.

விசா என்று கூட நான் சொல்லவில்லை. பாஸ் என்றேன். என் மனதில் புசல்லாவை ஜெட்டியில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். மலைமேல் இருக்கிற ஊருக்கு ஜெட்டி ஏது என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் கடையிலோ, தங்கியிருந்த விடுதியிலோ, சாலையில் நின்ற காவலரிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பல வருடங்களாகப் பலரை ஜெட்டியிலிருந்து திருப்பி அனுப்பியவன். எனக்கு மட்டும் விதி வேறு என்று நடந்துகொள்வது கேவலம் என்று பட்டது. இதை இன்று எழுதும்போது கூசுகிறது. அன்று நேர்மையாக இருக்கிறேன் என்றே நம்பினேன்.

அவள் வாதாடவில்லை. ரொட்டியைத் தின்று முடித்தாள். அக்காளும் தங்கையும் ஏரியைச் சுற்றி நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். அக்காள் பாதையைச் சொல்லிக்கொண்டு போனாள். பஸ் சந்தியில் இறங்கினால் முன்பிருந்த கடை இப்போது கை மாறிவிட்டது. ஓடைமேல் பலகை போட்டிருந்த இடத்தில் சிமென்ட் பாலம். ஸ்டோரைத் தாண்டி, அதாவது தேயிலை அரைக்கும் தொழிற்சாலையைத் தாண்டி, இடதுபுறம் படி. நம் லயத்துக்குப் பின்னால் பலாமரம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் முள்முருக்கு மரம். அதன் அடியில், அம்மாவைப் புதைத்த இடத்தில், இரண்டு கல். ஒரு கல் மழையில் சாய்ந்துவிட்டது, உன் மச்சான்தான் நிமிர்த்தி வைத்தார். தங்கை இடையிடையே கேட்டாள். தண்ணீர்க் குழாய் எங்கே? அந்தப் படியில் இன்னும் பாசி பிடிக்கிறதா? முதல் சுற்றில் பாதியும் இரண்டாம் சுற்றில் மீதியுமாக அவர்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் அக்காளைப் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பஸ்ஸில் நிறைய இடம் காலியாக இருந்தது.

திரும்பும்போது தலைமன்னாரில் அதே அதிகாரி. எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார். என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"என்ன, உங்கட ஊர் எப்பிடி இருக்கு?"

"போகலீங்க சார். எழுதின எடமெல்லாம் பாத்துட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். எழுதாத ஊருக்குப் போகவில்லை சார் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் கையிலிருந்த முத்திரையை மேசைமேல் வைத்தார்.

"அது நாங்கள் சும்மா கணக்குக்குக் கேக்கிறது. விசா நாட்டுக்குத்தான் தாறது, ஊருக்கில்லை. நீங்கள் எங்கயும் போயிருக்கலாமே." பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தி, "நான் அண்டைக்கு உங்களிட்டக் கேட்டதே அதுக்குத்தான் பிள்ளை" என்றார்.

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. மறுபடி உள்ளே போய்விட்டு வரலாமா என்று நான் கேட்கவில்லை. சென்னையில் எங்கள் கப்பல் நிற்கப் போகும் நாளும், அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்பதும்தான் என் நினைவில் வந்தன. விடுப்பும் முடிகிறது. படகேறினோம்.

படகில் அவள் கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரை மங்கியபோது திடீரென்று தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கச்சால் பாஸுன்னு நெனச்சுட்டீங்களா?"

ஆமாம் என்றேன். சிரித்து முடித்த பிறகுதான் அழுதாள். அப்போதும் என் கையை விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு அது தேவலாம் என்று இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் அவள் இதை யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. வேடிக்கையாக மாற்றிவிட்டாள். பக்கத்திலுள்ள ஜங்லிகாட் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால், "பாஸ்ல இருக்கா?" என்பாள். பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களும் கற்றுக்கொண்டார்கள். கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பு என்மேல் அவள் வைத்திருந்த இரக்கம் என்பது எனக்குத் தெரியும். அடுத்த விடுப்பில் போகலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். ஒரு வருடம் பிரசவம், ஒரு வருடம் வீடு, ஒரு வருடம் கப்பல் பழுது. பிறகு அங்கே சண்டை மூண்டது. படகு நின்றது. அக்காளின் கடிதங்களும் குறைந்து, கடைசியில் அவள் இறந்த செய்தி வந்தது.

என் மனைவி போன வருடம் காலமானாள். கடைசி மாதங்களில் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. பிள்ளைகள் மெயின்லேண்டிலிருந்து வந்து வந்து போனார்கள். சாயங்காலங்களில் நாங்கள் இருவர் மட்டும். ஒரு நாள், அக்காள் சொன்ன பாதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஏரியைச் சுற்றிப் பின்னால் நடந்தவனுக்கு அது காதில் விழுந்ததே அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். சொன்னேன். சந்தி, கடை, சிமென்ட் பாலம், ஸ்டோர், இடதுபுறம் படி. படியில் பாசி இருக்கும், மெதுவாக என்று அவள் திருத்தினாள். அதன் பிறகு தினமும் கேட்டாள். நான் ஒருமுறைகூடக் கால் வைக்காத அந்தத் தோட்டம் எனக்கு ஜங்லிகாட்டைவிட நன்றாகப் பழகிவிட்டது.

தொடங்குவதற்கு முன் தவறாமல் ஒன்று கேட்பாள்.

"பாஸ் எழுதிட்டீங்களா?"

"ரெண்டு பேர் பேரும் எழுதியாச்சு."

"ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொல்வேன். கண்ணை மூடிக்கொள்வாள். பிறகுதான் பஸ்ஸைவிட்டு இறங்குவோம்.