ஸ்டியரிங்கைத் தொடாதீங்க

டிரெய்லரின் சக்கரம் அக்காவின் தொடைமேல் ஏறி நின்றபோது அவள் அலறவில்லை. இத்தனை வருடம் கழித்தும் என்னை உலுக்குவது அதுதான். அலறியது அத்தான்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குப் புஞ்சை. தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை முந்தின நாள் பெய்திருந்தது. ஒடித்துக் குவித்த மக்காச்சோளக் கதிர்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் ஏற்றாவிட்டால் கதிரெல்லாம் முளைத்துப்போகும். லீவுக்குப் போயிருந்த நானும் கூடமாட நின்றேன்.

டிராக்டரை முன்னால் ஓட்ட யாருக்கும் வரும். டிரெய்லரை மாட்டிப் பின்னால் எடுப்பதுதான் பாடு. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். கொஞ்சம் கூடிவிட்டால் இரண்டும் முழங்கை மாதிரி மடங்கிக்கொள்ளும். அத்தானுக்கு அது ஒருநாளும் முழுசாகப் பிடிபட்டதில்லை. அக்கா பின்னால் நின்று, "வாங்க... வாங்க... இங்கிட்டு ஒடிங்க" என்று சத்தம் கொடுத்தால்தான் வண்டி குவியலுக்குப் போய்ச் சேரும்.

அன்றைக்குப் பக்கத்துப் புஞ்சையில் கதிரடிக்கும் மெஷின் ஓடிய இரைச்சலில் அவள் சத்தம் எடுபடவில்லை. அத்தான் ஒடித்தது கூடிப்போய், டிரெய்லர் சட்டென்று அக்கா நின்ற பக்கம் திரும்பியது. விலகத்தான் பார்த்தாள். நனைந்த கரிசல் விடவில்லை. செருப்போடு பாதத்தைக் கவ்விக்கொண்டது. மல்லாந்து விழுந்தாள். "நிப்பாட்டுங்க" என்று அவள் கத்தியது எனக்கு வாயசைவாகத்தான் தெரிந்தது. ஓடிப்போய் மட்கார்டில் ஓங்கி அடித்தேன். வண்டி நின்றபோது, அவள் வலது கால் இருந்த இடத்தில் சக்கரமும் சேறும்தான் இருந்தன.

இறங்கிவந்து பார்த்த அத்தான் தலையில் அடித்துக்கொண்டு அலறினார். மறுபடி சீட்டில் ஏறினார். "ஏலே, எங்கிட்டுலே ஒடிக்க?" என்று என்னைக் கேட்டார். யாரோ மெஷினை அணைத்தார்கள். சக்கரத்துக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. வழக்கமாக வண்டிக்குப் பின்னால் நின்று கொடுக்கிற அதே சத்தம்.

"ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. அப்படியே முன்னால எடுங்க. வந்த தடத்துலயே போயிரும். பைய... பைய..."

போனது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேற்றைக் கழுவக் கழுவ, டாக்டர் முறிவைத் தேடினார். படம் எடுத்தும் பார்த்தார். தொடை முழுக்கக் கன்றிக் கறுத்திருந்ததே தவிர, எலும்பில் ஒரு கீறல் இல்லை. காலி டிரெய்லர், ஆழமான சேறு. அவளை நகரவிடாமல் பிடித்த அதே மண், கால் அமுங்குவதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. டாக்டர் இரண்டு தடவை சொன்ன பிறகும் அத்தான் நம்பவில்லை. நான் இன்னும்கூட முழுசாக நம்பவில்லை.

இப்போது டிராக்டர் ஓட்டுவது அக்காதான். அத்தான் சீட்டில் ஏறுவதே இல்லை. போன தையில் போயிருந்தபோது, அவள் ஒரே மூச்சில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் குவியலோரம் நிறுத்தினாள். அந்த நேரம் முழுக்க அத்தான், வேலைக்கு வந்தவர்களையும் என்னையும் வரப்புக்கு அப்பால் விரட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா இறங்கிவந்து சிரித்தாள். "இன்னமும் என்ன பயம்? எனக்குத்தான் ஒன்னும் ஆகலயே."

அத்தான் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "ஒனக்கு ஒன்னும் ஆகலட்டி. எனக்குல்லா ஆச்சு."