முத்தையாவின் நீலத் தொப்பியும் ஒரு பிடி மஞ்சள் அரிசியும்

முத்தையா போய்விட்டான் என்று அவன் மகள் செல்வி தொலைபேசியில் சொன்னபோது நான் வாசலில் மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று என் தலையில் கட்டப் பார்த்தான். "மாமா, அப்பா காலையில எழுந்திருக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள் செல்வி. "என்னா அங்கிள், மீன் வேணுமா வேணாமா லா?" என்று மீன்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குள் போனேன்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று நம் பழைய மாணவர் மலரின் ஆசிரியர் சொன்னார். மன்னிக்க வேண்டும், என்னால் முடியாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்து, ஒரே கல்லூரியில் படித்து, ஒரே அணியில் பந்தாடியவனை இந்த வயதில் அவர் என்று எழுதினால், எங்கிருந்தாவது எழுந்து வந்து என் பின்மண்டையில் ஒன்று போடுவான்.

செரண்டாவில் அவன் வீட்டு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். காற்பந்துச் சங்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "அவசரகாலத்திலேயே மலாயாக் கல்லூரிப் பதினொருவரில் இடம்பெற்ற முதல் தோட்டத்துப் பிள்ளை" என்று அவனைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வருசா வருசம் அந்தப் பழைய ஆட்டக்காரங்க விருந்துக்கு அப்பாவுக்கு அழைப்பு வரும் மாமா. ஒரு தடவை கூடப் போனதில்ல. கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். தெரியும் என்றேன். "அப்பா போயிட்டாரு. இனிமேயாவது சொல்லுங்க. மலர்லயே எழுதுங்க, நாங்க படிச்சுக்கறோம்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பதினொருவர் என்றால் என்ன என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது மலாயாவில் கல்லூரிகளே விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆண்டு முடிவில் கோலாலம்பூரில் சில வெள்ளைக்காரக் கனவான்கள் கூடி, எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் சிறந்த பதினொரு ஆட்டக்காரர்களைப் பொறுக்குவார்கள். பெயர்கள் பத்திரிகையில் வரும். ஆளுக்கொரு நீல வெல்வெட் தொப்பி, பொன்னிறக் குஞ்சம் வைத்தது. அவ்வளவுதான். அந்தப் பதினொருவர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நாளும் ஆடியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு தொப்பி போய் கோட்டில் தைக்கிற சின்னம் வந்தது, பிறகு பதக்கம் வந்தது, இப்போது ஒரு சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறார்களாம். "ஒண்ணா நின்னு ஒரு பந்தைக்கூட உதைக்காத டீம்டா அது" என்று முத்தையா பிற்காலத்தில் சொல்வான்.

ஆனால் அவன் அதற்குத் தகுதியானவன். இதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். தோட்டத்துத் திடலில் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லூரியில் முதன்முதலாக பூட்ஸ் கொடுத்தபோது அவன் மாட்டிக்கொண்டு நாலு அடி ஓடிவிட்டு, "சனியன், பந்து எங்க இருக்குன்னே கால்ல தெரிய மாட்டேங்குதே!" என்று கத்தினான். அடுத்த ஆண்டே அதே பூட்ஸோடு நடுத்திடலைத் தனியாளாகக் காத்தான். நான் இடது பக்கத் தடுப்பு. என்னைத் தாண்டிப் போனவர்கள் நிறைய. அவனைத் தாண்டிப் போனவர்கள் மிகக் குறைவு. தேர்வுக்குழு பார்க்க வந்த ஆட்டத்தில் எதிரணி வலது முன்னாட்டக்காரன் என்னை இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு ஓட, இரண்டு தடவையும் முத்தையாதான் குறுக்கே விழுந்து பந்தை எடுத்தான். அவன் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. என் பெயரும் வரும் என்று நம்பிய ஒரே ஆள் என் அம்மாதான்.

பத்திரிகையில் அவன் படம் வந்ததும் தோட்டமே தலைகால் புரியாமல் ஆடியது. என்ன பரிசு என்று கேட்டார்கள், தொப்பி என்றோம். "தொப்பியா? அதுக்கா இம்புட்டு ஓட்டம் ஓடுன? எங்கிட்டக் கேட்டிருந்தா என் தொப்பியவே கொடுத்திருப்பேனே!" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். லயமே சிரித்தது. சிரித்தாலும் அவன் தொப்பியோடு வரும் நாளில் மெயின் ரோட்டிலேயே ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே அழைக்க வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். பாவிகள், நல்ல மனத்தோடு செய்த முடிவு.

அது அவசரகாலம், வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் கம்பி வேலிக்குள் இருந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி கொண்டுபோகத் தடை. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பெண்களைச் சோதிக்கச் சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள். இந்தச் சட்டம் எங்கள் அம்மாக்களுக்குத் தெரியாததல்ல. மதியச் சோறுகூட எடுத்துப் போகாமல் வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவர்கள் அவர்கள். ஆனால் ஆரத்தித் தட்டில் பிள்ளையின் தலையில் தூவ ஒரு பிடி மஞ்சள் அரிசி வைத்தபோது, அது அரிசி என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. "சோறாக்குற அரிசியாடா அது? தலையில போடுற அரிசிடா" என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் போயிருக்கிறார்கள். முத்தையாவின் அம்மா அஞ்சலை, என் அம்மா தையல்நாயகி, பொன்னம்மா, லெட்சுமி. நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு. பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் பிடி பிடியாக அரிசி வெளியே போனதைக் கண்டுபிடித்து அந்த வாரம் போலீஸ்காரர்கள் கொதித்துப் போயிருந்த நேரம். வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அம்மாக்கள் நாலு பேரும் போலீஸ் குடிலுக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தார்கள். கைகள் தலைமேல். சோதனை போட்ட அவசரத்தில் சேலைகள் சரியாகச் செருகப்படாமல் இருந்தன. என் அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன், அவளும் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவன் லாரியோடு நின்றான். முத்தையாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பத்திரிகையில் படம் பார்த்தவன், பந்துப் பைத்தியம். ஓடிவந்து கை குலுக்கினான். தொப்பியை எடு, போட்டுக்காட்டு என்றான். முத்தையா போட்டுக்காட்டினான். இந்தப் பெண்கள் என்னை வரவேற்க வந்தவர்கள் என்று இங்கிலீஷில் அவன் விளக்கியதும் அந்த அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேட்டான்: "இதில் உன் அம்மா யார்?"

முத்தையா கையை நீட்டி அஞ்சலை அத்தையைக் காட்டினான்.

வேறு என்ன செய்வான்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். அதிகாரி ஒரு சைகை காட்டினான். அஞ்சலை அத்தையை எழுப்பி விட்டுவிட்டார்கள். மற்ற மூவரையும் லாரியில் ஏறச் சொன்னார்கள். "சார், அவர்களும்…" என்று முத்தையா இழுத்தான். அதிகாரி அவன் தோளில் தட்டி, உனக்காக ஒருத்தியை விட்டேன், அது போதும் என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான் லாரியில் ஒரு காலை வைத்த என் அம்மா திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "டேய், ஒன் பேரையும் சொல்லேன்டா. நீயும் பந்து ஆடுறவன்தானே!"

சொன்னேன். நானும் கல்லூரி அணிதான் சார், நானும் ஆடுவேன் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பதினொருவரில் இருக்கிறாயா?" என்றான். இல்லை என்றேன். "அதிர்ஷ்டம் இல்லை உனக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு லாரியில் ஏறினான். ஐயோ, அந்தச் சிரிப்பு! நான் ஒரு தப்பும் செய்யவில்லை. என் ஆட்டம் கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். அந்த வலது முன்னாட்டக்காரனை ஒரு தடவையாவது நான் மடக்கியிருந்தால் என் அம்மா லாரியில் ஏறியிருக்க மாட்டாள் என்று, பைத்தியக்காரன் மாதிரி, இன்றுவரை கணக்குப் போடுகிறேன்.

மறுநாள் காலை அஞ்சலை அத்தை மகனை இழுத்துக்கொண்டு டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். நானும் போனேன். "நானும்தான் அரிசி கொண்டு போனேன். என்னையும் உள்ள போடு" என்று வாசலில் நின்ற காவலரிடம் கத்தினாள். அவர் மலாய்க்காரர், பாவம், நல்ல மனிதர். பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் மக்சிக் என்று கூப்பிட்டு, வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சினார். அவள் அசையவில்லை. முத்தையா அம்மாவுக்குப் பின்னால் வெயிலில் நின்றான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மாஜிஸ்ட்ரேட் எச்சரித்து மூவரையும் விடுவிக்க அந்த வாரம் முடிந்துவிட்டது. அதுவரை தினமும் அத்தை அங்கே போய் நின்றாள்.

என் அம்மா வீட்டுக்கு வந்ததும் முத்தையா வந்து அவள் காலில் விழுந்தான். "அத்தை, மன்னிச்சிரு" என்று அழுதான். என் அம்மா அவனைத் தூக்கிவிட்டு, "அவன் கேட்டான், நீ சொன்ன. இதுல ஒன் தப்பு என்னடா இருக்கு, கழுதை?" என்று திட்டினாள். பிறகு வெறும் விரல்களைக் குவித்து அவன் தலையில் அரிசி போடுவதுபோல் போட்டாள். மனதாரத்தான் செய்தாள். அவள் கோபித்து நாலு அறை அறைந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவன் அந்தத் தொப்பியைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. செரண்டாவில் ஆசிரியராக இருந்தபோது, அதே பதினொருவரைப் பொறுக்கும் குழுவில் அவனையும் சேர்த்தார்கள். போகமாட்டேன் என்றவனை நான்தான் தள்ளி அனுப்பினேன். முதல் கூட்டத்திலேயே, தனி ஆட்களுக்கு வேண்டாம், ஆண்டுதோறும் ஒரு கல்லூரியின் முழு அணிக்கும், பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றிருக்கிறான். உலகத்தில் எங்கேயும் அப்படி இல்லை என்று மறுத்திருக்கிறார்கள். "ஒருத்தனைக் கைகாட்டுற வேலை எனக்கு வேணாம் சார். எனக்கு அது ஒத்து வராது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். கர்வம் பிடித்தவன் என்று பேசினார்கள். பேசியவர்களில் சிலர் இந்த மலரைப் படிப்பீர்கள்.

ஒரே ஒரு தடவை நாங்கள் அந்த நாளைப் பற்றிப் பேசினோம். ரவாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. திடீரென்று கேட்டான்: "எல்லாருமே என் அம்மாதான்னு அன்னிக்குச் சொல்லியிருந்தா, விட்டிருப்பானா?"

"விட்டிருக்க மாட்டான்டா. சட்டம் அப்படி" என்றேன்.

"பொய் சொல்லாத. விட்டிருப்பான். அன்னிக்கு அவன் சந்தோசமா இருந்தான்."

என் அம்மா லாரியிலிருந்து சொன்னதையும், அந்தச் சிரிப்பையும், அதனால் எனக்கு இருந்த வெட்கத்தையும் அவன் அங்கேயே நின்று கேட்டதுதான் என்றாலும், அன்றுதான் அவனிடம் வாய் திறந்து சொன்னேன். தலை குனிந்து கேட்டான். "தொப்பி ஒனக்குக் கிடைச்சிருந்தா நீ யாரக் காட்டியிருப்ப?" என்றான். என் அம்மாவைத்தான் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தான். வெட்கப்பட்ட இரண்டு கிழவர்கள் அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எனக்கு மனசு கொஞ்சம் லேசானது, அவனுக்கும் என்றுதான் நம்புகிறேன்.

செல்வி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் அப்பா நல்ல ஆட்டக்காரன். ஒலிபெருக்கியில் அந்தப் பையன் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பெருமையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கூசாமல் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் அந்த நாள் நினைவுக்கு வந்து நான் தலை குனியும்போதெல்லாம், செரண்டாவில் இன்னொருவனும் இதற்காகத் தலை குனிந்திருப்பான் என்று எனக்கு ஒரு துணை இருந்தது. இனி இல்லை. அவன் விட்டுப்போன வெட்கம் என்னிடம் இருக்கட்டும். உங்களுக்கு அது வேண்டாம்மா.