காப்புறுதி முகவரின் சிரிப்பு

பிள்ளைகளே, எங்களுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்த முகவர் எப்போதும் சிரித்த முகம். பேச்சுக்கு நடுவே சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார்.

வீட்டில் யாரோடும் பேசாமல் போன என் மகளைக் கூலாய் நகரில் ஒரு தனியார் மனநல ஆலோசனை நிலையத்துக்கு அழைத்துப் போனேன். தலை கலைந்து, தன் முறைக்காக அங்கே காத்திருந்தார் அந்த முகவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தம்பி, நீங்க கொடுத்த காப்புறுதி கார்டு இங்க செல்லும்தானே?"

"செல்லாதுண்ணே. ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் கம்பெனி பணம் கட்டும். என் கார்டே செல்லல."

"அலமாக்! அப்ப நீங்க?"

"கட்டணத்தக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன், குறைச்சாங்க. நீங்களும் கேளுங்கலா."

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சம். அவரே எழுந்து கவுண்டரில் என் மகளுக்காகக் கேட்டார். குறைத்தார்கள். மகள் உள்ளே போனாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. அவருக்கு என்ன துன்பம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.