இரண்டாவது குழை

பையைக் கட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை. நாலைந்து சாரம், சேட்டுகள், சவரச் சாமான், பிரஷர் குளிசை, ஒரு போர்வை. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இருந்த வீட்டில் எனக்கென்று எடுத்துப் போக இவ்வளவுதான். நினைத்துப் பார்த்தேன், ஆனால் மனம் ஒன்றும் சொல்லவில்லை. பல்லுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அந்தக் கதைதான். தட்டுவது தெரியும், கன்னம் நம்முடையதாக இராது. மனைவி போனதிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன்.

அவள் ஒரு விடியப்புறம் நெஞ்சு நோகுது என்றாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. செத்த வீடு, எட்டு, முப்பத்தொன்று எல்லாம் நடந்தன. நானும் எல்லாவற்றிலும் நின்றேன். அழவில்லை. வந்த சனம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்காள் குசுகுசுத்ததும் காதில் விழுந்தது. குசுகுசுக்கட்டுமே, அழுகையென்ன கடையில் வாங்குகிற சாமானா?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் என்றால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்கு, மனைவியின் வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஒரே மகளுக்குக் கலியாணம் ஆனதும் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பின்னறைக்கு மாறிக்கொண்டோம். மனைவி இருக்கும்வரை அதில் ஒரு கேள்வியும் இல்லை. அவள் போன பிறகுதான் கணக்குப் பிழைத்தது. மருமகனும் நானும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டு மாப்பிள்ளைகள். ஒருவனுக்குப் பெண்சாதி இருந்தாள், மற்றவனுக்கு இல்லை. பெண்சாதி இல்லாத ஆண் திரும்பிப் போகிற இடம் கூடப் பிறந்தவள் வீடு. பலர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

கொக்கட்டிச்சோலையில் இருக்கிற என் அக்கா ஒவ்வொரு நாளும் போன் பண்ணினாள்.

"தம்பி, ஒண்டும் யோசியாத. நம்மட வீடு இரிக்கி. வந்திரு."

"விருந்தும் மருந்தும் மூண்டு நாளைக்குத்தான் அக்கா."

"ஆர்ரா விருந்து? என்ட கூடப் பிறந்தவன் எனக்கு விருந்தா? வாய்ப் பேச்சுக் குறையல்ல ஒனக்கு."

சரி, வாறன் என்று சொல்லிவிட்டேன். மகளிடம் சொன்னபோது அவள், "அப்பாட விருப்பம்" என்றாள். அன்றைக்குக் குசினியில் சட்டி பானை எல்லாம் சத்தம் போட்டன. மருமகன் வழக்கம்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பேசி நான் கேட்டது குறைவு. யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் வந்திருந்தால் பையைக் கட்டியிருக்க மாட்டேன். அதை வாய் திறந்து கேட்பது எப்படி? எங்கள் ஆட்களுக்கு உயிரைவிட ரோசம் பெரிது.

அப்போதுதான் மருமகன் வந்து பின்னறை வாசலில் நின்றான்.

"மாமா, சனிக்கிழமை மலைக்குப் போறம். நீங்களும் வாங்களன். வரக்குள்ள அப்பிடியே கொக்கட்டிச்சோலையில இறக்கி விடுறன்."

இறக்கி விடுகிறானாம். அட, அவ்வளவு அவசரமா என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓம் என்றேன்.

மலை என்பது என் மனைவியின் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள். மற்றச் சனம் கதிர்காமத்துக்கு நடந்தால் இவள் மொட்டைப் பாறைக்கு நடப்பாள். கல்லைக் கண்டால் கால் நிற்காது. நானோ பஸ் ஓட்டினவன். வாவி ஓரத்துத் தட்டை ரோட்டில் ஆயுள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவனுக்கு மேட்டைக் கண்டால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் அவள் பின்னால் தண்ணீர்ப் போத்தலைச் சுமந்துகொண்டு முணுமுணுத்தபடி போவேன். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். "நீங்க எருதும் முடவனும் ஒண்டாச் சேந்த ஆள்" என்பாள். மருமகன் வந்த பிறகு அவளுக்கு நல்ல சோடி கிடைத்தது. மாமியும் மருமகனும் முன்னால் போவார்கள், மகள் நடுவில், நான் வால்.

சனிக்கிழமை வெளிச்சம் வரும்போதே புறப்பட்டோம். வான் மருமகனின் கூட்டாளியுடையது. காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறவன், வாய் ஓயாதவன். மகள் வரவில்லை, பிள்ளைத்தாய்ச்சி. வாசலில் நின்று என் பை வானின் பின்னுக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை. இரண்டு பக்கமும் வயல் வட்டை முழுக்க வெட்டி முடிந்து ஒட்டுத்தாள் கிடந்தது, மாடுகள் மேய்ந்தன. கூட்டாளி ஒவ்வொரு குழியையும் தேடிப் பிடித்து வானை இறக்கினான். வேறு நாளாக இருந்தால் வண்டியை நிற்பாட்டி நானே எடுத்திருப்பேன். அன்றைக்குக் குலுங்கிக்கொண்டு இருந்தேன். உன்னிச்சைக் குளக்கட்டைக் கடந்து, ஆனை வேலியையும் கடந்து, கிறவல் பாதை முடிகிற இடத்தில் இறங்கினோம்.

"ஆனை நிக்குமோ?" என்று கூட்டாளி கேட்டான்.

"யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே எண்டுறது கோயில் யானைக்கு மனே. இஞ்ச உள்ளதுக்கு மணி இல்ல" என்றேன். அவன் சிரித்தான். நான் பகிடி விட்டதை நானே பிறகுதான் கவனித்தேன். வாய் தன் பாட்டில் வேலை செய்தது.

காட்டுக்குள் பாதை இறங்கும் இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு இலைக் குழை முறித்து அந்த மரத்தில் செருகிவிட்டுத்தான் போவார்கள். விறகுக்குப் போனாலும் சரி, தேனுக்குப் போனாலும் சரி. காட்டுப் பிள்ளையாருக்கு, இன்னார் உள்ளே வந்திருக்கிறோம், பத்திரமாக வெளியே விடு என்று சொல்லுகிற முறை. திரும்பி வரும்போது அவரவர் குழையைத் தொட்டுக் கும்பிட வேண்டும். குழை செருகின ஆளை உள்ளே விட்டுவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது. அவளுக்கு இதில் பெரிய பிடிவாதம். ஒருமுறை கூட வந்த ஒருவன் படம் எடுக்கிறேன் என்று பின்தங்கிவிட்டான். எங்கள் எல்லோரையும் மரத்தடியில் இருத்திவிட்டு, "குழை போட்ட ஆள விட்டுட்டு வரப்படாது" என்று பள்ளிக்கூடத்து அதட்டலில் சொல்லிக்கொண்டு நின்றாள்.

மருமகன் ஒன்றைச் செருகினான். கூட்டாளி பிஸ்மி சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றான். நான் கை எட்டிய கொப்பில் முறித்துச் செருகினேன். பிறகு நடக்கத் தொடங்கினோம்.

"அங்கிள், ஏன் ரெண்டு?" என்று கேட்டான் கூட்டாளி.

திரும்பிப் பார்த்தேன். மரத்தில் நான் செருகியது இரண்டு. அவள் கட்டை. கீழ்க் கொப்பெல்லாம் போகிற வருகிறவர்கள் முறித்து மொட்டையாகிவிடும், மேல் கொப்பு அவளுக்கு எட்டாது. எப்போதும் நான்தான் இரண்டு முறிப்பேன். கை அதையே செய்திருக்கிறது. கையிடம் யாரும் சொல்லவில்லைபோல.

எடுத்து எறியத் திரும்பினேன். "கிடக்கட்டும் மாமா" என்றான் மருமகன். கூட்டாளி வாயை மூடிக்கொண்டான்.

மலை என்று சொன்னாலும் அது காட்டுக்கு மேலே முதுகு காட்டிக் கிடக்கிற ஒரே பாறை. அடியில் மழைத் தண்ணீர் வடியாமல் மேல் விளிம்பில் புருவம்போல வெட்டு வெட்டிய ஒரு குகை. பழைய காலத்தில் துறவிகள் இருந்தார்கள் என்பாள். அதற்கு மேலே ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கிற இரண்டு பெரிய கற்கள். இடையில் உள்ள வெடிப்பால் பார்த்தால் குளம் தெரியும், அவள் அதற்கு வைத்த பேர் சன்னல் கல். இன்னும் மேலே போனால் சட்டியளவு குழிகளில் தண்ணீர் நின்று தலைப்பிரட்டைகள் ஓடும். எல்லாம் இருந்தன. சன்னல் கல்லால் குனிந்து பார்த்தேன். குளம் இருந்தது. பார்த்தேன் என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

உச்சியில் காற்று சேட்டைப் பிய்த்தது. கிழக்கே வட்டைகளுக்கு அங்கால் வாவி ஒரு வெள்ளைக் கீற்று, அதற்கும் அங்கால் கடல். அவள் இங்கே வந்தால் முதல் வேலையாக விரலை நீட்டி, "அந்தா நம்மட வீடு" என்பாள். இந்தத் தூரத்தில் கல்லடியே தெரியாது, வீடு எங்கே தெரிவது? பச்சைப் பொய். நானும் அந்தத் திசையைப் பார்த்தேன். கூட்டாளி போனைத் தூக்கி, "அங்கிள், கொஞ்சம் சிரியுங்க" என்றான். சிரித்தேன். புரியாணிப் பார்சல் பிரித்தார்கள். தின்றேன். உப்பா உறைப்பா என்று கேட்டால் தெரியாது.

இறங்கும்போதுதான் சிக்கல் வந்தது. மொட்டைச் சரிவு ஒன்று, பிடிக்க ஒரு செடியும் இல்லை. நடுவில் வந்ததும் என் முழங்கால்கள் ஆடத் தொடங்கின. அப்படியே குந்திவிட்டேன். கீழே பார்த்தால் மரங்களின் தலை. மேலும் போக ஏலாது, கீழும் போக ஏலாது. எருதும் முடவனும் ஒன்றாக.

பயம் வந்தது. உண்மையான பயம். அத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அட, நீயாவது வந்தாயே என்று இருந்தது.

மருமகன் சறுக்கிச் சறுக்கி எனக்குக் கீழே வந்து பாறையோடு ஒட்டிக் குந்தினான். "மாமா, என்ட தோளில கால வையுங்க."

"விசரா?" என்றேன். மருமகன் என்றால் கண்டதும் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுகிற உறவு. பேர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டோம். அவன் தோளில் நான் கால் வைப்பதா?

"மாமி வைக்கிறவ" என்றான். "இவடத்த வந்தா மாமிக்கும் கால் நடுங்கும். இறங்கக்குள்ள உங்கள முன்னுக்கு அனுப்பிட்டு என்ட தோளில வைச்சு இறங்குவா. உங்களுக்குச் சொல்லப்படாதெண்டு சொன்னவ. சொன்னா நீங்க மறுகா மலைக்கு விடமாட்டீங்களாம்."

அடி கள்ளி! இத்தனை முறை வந்தும் எனக்கு இது தெரியாது. அவளுக்கும் கால் நடுங்கியிருக்கிறது. காலை வைத்தேன். அவன் என் குதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகக் கீழே நகர்ந்தான். முதுகு அகலமான பிள்ளை. இறங்கி முடித்தபோது அவனுடைய வெள்ளை ரீசேட்டில் என் பாதம் மண்ணாகப் பதிந்திருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

பாலை மரத்தடியில் என் குழையைத் தொட்டுக் கும்பிட்டேன். மற்றதைத் தொடக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. மருமகன் எனக்குப் பின்னால் நின்றான். தன்னுடையதைத் தொட்டான். பிறகு அவளுடையதையும் தொட்டான். வானில் ஏறினோம். வழி முழுக்க அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். உதடு மட்டும் அசைவதுபோல இருந்தது.

வவுணதீவுச் சந்தி வந்தது. வலக்கைப் பக்கம் கிறுகினால் கொக்கட்டிச்சோலை. நேரே போனால் பாலம், மட்டக்களப்பு, கல்லடி. நான் பஸ் ஓட்டிய காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிறுகிய சந்தி. கூட்டாளி வானை ஓரமாக்கி, "எங்கால கிறுகிற?" என்று கேட்டான். என் பை பின்னால் இருந்தது. வலக்கைப் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மருமகன் முன் சீட்டிலிருந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, மாமிக்கும் குழை போட்டீங்க."

"ஓம் மனே, கை தவறி."

"கை தவறியெண்டாலும் போட்டாச்சு. குழை போட்ட ஆள விட்டுட்டு வரப்படாதெண்டு மாமி சொல்லுவா. அப்ப மாமியும் எங்களோட வந்திருக்கா. அவவ எங்க கொண்டுபோய் விடுற? அவட வீடு கல்லடியிலதானே?" மூச்சு வாங்கிக்கொண்டான். "நீங்க இல்லாம அவ அந்த வீட்டுக்குள்ள வருவாவா மாமா?"

பேசாதவன். மரத்தடியிலிருந்து சந்தி வரைக்கும் இதைத்தான் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. கூட்டாளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடுங்க மனே. நேரா போகட்டும்" என்றேன்.

வீட்டு வாசலில் மகள் நின்றாள். என் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து ரொட்டி சுடுகிற மணம் வந்தது.

பொழுதுபடும்போது அக்கா போனில்.

"சோறாக்கி வைச்சிக் காத்துக்கிடக்கன். எங்க நிக்கிறாய்?"

"வீட்டதான் அக்கா."

"எந்த வீட்ட?"

"கல்லடியில. வர ஏலாது அக்கா. விடுறாளில்ல."

"ஆரு, மகளா?"

"இல்ல அக்கா. அவட தாய்."

அந்தப் பக்கத்தில் அக்கா விம்முவது கேட்டது. நான் போனைக் காதில் வைத்தபடியே பின்னறைக் கட்டிலில் இருந்து, வாய் விட்டு அழுதேன்.