இரத்தினசிங்கத்தின் சைவ நாய்

சாம்பல்தீவுப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் புஷ்பவதியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஸ்ஸி என்பார்கள். முப்பத்தொரு வருடம் மருத்துவமாதுவாக வேலை பார்த்தவர். முதலில் சைக்கிளில், பிறகு ஸ்கூட்டியில், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்து அட்டையில் பதிந்தவர். இன்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற ஆண்களில் பாதிப்பேரைத் தராசில் அம்மணமாகத் தொங்கவிட்டுப் பார்த்தவர் என்பதால், ஊரில் எவருக்கும் பயப்பட அவருக்குக் காரணம் இருக்கவில்லை.

கலியாணம் முடித்த நாலாம் வருடம் பிரான்சுக்குப் போன கணவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த மனிதருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு ஊசி போடுகிற நாள் என்று மிஸ்ஸி எழும்பிப் போய்விட்டாராம். திரும்பி வந்தபோது அந்த மனிதர் இன்னும் அதே இடத்தில், ஆறுதல் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அவருக்கு இன்னொரு தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

பென்சன் எடுத்த பிறகு அவர் ஊர்க்கோழி வளர்த்தார். பதினொரு பேடு, ஒரு சேவல். அடைகாக்கிற கோழிக்கு இன்றைக்கு எத்தனையாம் நாள் என்று கலண்டரில் குறித்து வைப்பார். முட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது சரிவராது" என்று அவர் சொன்னால் அது சரிவராது.

பக்கத்து வளவு இரத்தினசிங்கத்தினுடையது. அரசாங்கத்தில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவர். எங்கள் வட்டாரத்துச் சங்கத்துக்குத் தலைவர். அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததோ இல்லையோ, பிரதி எடுத்துக் கோவையில் போட அவர் ஒருநாளும் தவறியதில்லை. அவர் சைவம். ஊரில் எத்தனையோ பேர் சைவம். சத்தமில்லாமல் தங்கள் பாட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இரத்தினசிங்கத்துக்கு அது போதாது. தான் முப்பத்திரண்டு வருடமாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை என்பதை யாரைக் கண்டாலும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தண்ணீர்ப் பைப் உடைந்ததைப் பற்றிக் கதைக்கப் போனவர்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

கனடாவில் இருக்கிற அவருடைய மகன் கஜீபன், வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்று கொழும்பிலிருந்து ஓர் அல்சேஷன் நாயை எடுப்பித்துக் கொடுத்தான். சீசர் என்று பெயர் வைத்தார்கள். வந்த நாளிலிருந்து அதற்குச் சாப்பாடு சோறும் பருப்பும். விசேட நாட்களில் பாயாசம். "எங்கட சீசரும் மச்சம் தொடாது" என்று இரத்தினசிங்கம் கோயில் வீதியில் வைத்துச் சொன்னபோது, ஆட்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். நாயின் விலா எலும்பை எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பகல் முழுக்கச் சீசர் சங்கிலியில் கிடக்கும். விடியப்புறம் இரத்தினசிங்கம் கிணற்றடியில் குளித்துத் தேவாரம் படித்து முடிக்கிற ஒன்றரை மணித்தியாலம் மட்டும் அவிழ்த்துவிடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் அது நடந்தது. மிஸ்ஸி கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். கிளுவை வேலிக்குக் கீழே நாய் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி நுழைந்தது. நேரே போய் மண் குளித்துக்கொண்டிருந்த சாம்பல் பேட்டைக் கவ்வியது. மிஸ்ஸி கையிலிருந்த ஈரத் துணியைச் சுழற்றி எறிந்தார். நாய் கோழியைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடியது. கோழியின் கழுத்து முறிந்திருந்தது.

அவர் அதை ஒரு சொப்பின் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இரத்தினசிங்கத்தின் படலையைத் திறந்தார். தலைவர் குளித்து நீறு பூசி விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி பையைத் திறந்து காட்டினார். அவர் பார்க்கவில்லை, செத்ததைப் பார்த்தால் திரும்பவும் குளிக்க வேண்டும் என்றார்.

"தங்கச்சி, இது கீரியின்ர வேலை. எங்கட சீசர் மச்சம் தொடாது."

"அண்ணன், நான் என்ர கண்ணால கண்டனான்."

கண் காண்பதெல்லாம் உண்மையில்லை என்று தொடங்கி, கொல்லாமையைப் பற்றி அவர் இருபது நிமிடம் விளக்கினார். அந்த இருபது நிமிடமும் சீசர் அவருடைய கதிரைக்குக் கீழே படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. மூக்கில் ஒரு சாம்பல் நிற இறகு ஒட்டியிருந்தது. இரத்தினசிங்கம் அதைக் காணாதிருப்பதற்காகக் காலைத் தூக்கி மற்றக் காலுக்கு மேல் போட்டுக்கொண்டார்.

"அப்ப கீரிதான் உங்கட கதிரைக்குக் கீழ படுத்திருக்குது போல" என்றார் மிஸ்ஸி. குசினி வாசலில் இரத்தினசிங்கத்தின் மனைவி பூரணி ஈரத்துணியோடு நின்றார்.

அடுத்த மூன்று கிழமைக்குள் நாலு கோழி போனது. மிஸ்ஸி கிராம அலுவலரிடம் போனார். அவர் நல்ல பெடியன். எதையும் முடிவு செய்யமாட்டார். சங்கத்துக்கு எழுதச் சொன்னார். மிஸ்ஸி எழுதினார். சங்கத்துக்கு வருகிற கடிதத்தை உடைப்பவர் தலைவர். இரத்தினசிங்கம், இரத்தினசிங்கத்தைப் பற்றிய முறைப்பாட்டை முறைப்படி விசாரித்து, சங்கத்தின் தலைப்புத் தாளில் பதில் அனுப்பினார். மேற்படி விலங்கு தங்களது வளவினுள் எக்காலத்திலும் பிரவேசித்ததில்லை என்றும், அடைத்து வைக்கப்படாத கோழிகள் பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்றும் அதில் இருந்தது. மிஸ்ஸி அதை இரண்டு தரம் வாசித்தார். எழுத்துப்பிழை இல்லை என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற சஜீத்துக்கு இது பொறுக்கவில்லை. மிஸ்ஸி ஓம் என்றால் நாளைக்கே ஒரு துண்டு மீனில் மருந்து வைத்துக் கதையை முடித்துவிடலாம் என்றான். அவன் பிறந்த பிரசவத்தையும் பார்த்தவர் மிஸ்ஸிதான்.

"நாய் என்னடா செய்யும்? அதுக்குப் பசி. அறிவில்லாதவர் அவர். உன்ர மருந்தை நீயே வைச்சிரு. மீன்தலை கிடந்தாத் தந்திட்டுப் போ."

ஊர்ப்பிள்ளைகளின் விலாவைத் தடவிப் பார்த்தே வீட்டு அடுப்பின் நிலைமையைச் சொன்னவருக்கு, ஒரு நாயின் விலாவைப் பார்த்து விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. கரையிலிருந்து பழைய கரைவலைத் துண்டு ஒன்றை எடுப்பித்துக் கோழிகளுக்கு மூலையில் ஓர் அடைப்புக் கட்டினார். விடிய மீன்தலையும் குறுணல் அரிசியும் ஒன்றாய் அவித்து, நாயை அவிழ்க்கிற நேரம் பார்த்து, அது நுழைகிற வேலிப் பொட்டுக்கு இந்தப் பக்கம் சட்டியை வைத்தார். முதல் நாட்களில் சீசர் சட்டியையும் நக்கிவிட்டு வலையிலும் போய்ப் பாய்ந்தது. பிறகு பிறகு, சட்டியை முடித்து முருங்கை மரத்துக்குக் கீழே காலை நீட்டிப் படுக்கத் தொடங்கியது. ஒரு மாதத்தில் மிஸ்ஸி கோழிகளைத் திறந்துவிட்டார். அவை அதன் வாலடியில் கிளறித் திரிந்தன. அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டது.

நாயின் உடம்பு தேறியது. மயிர் மினுங்கியது. இரத்தினசிங்கம் அதைக் கோயிலடியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பருப்பின் சக்தி என்றார். சைவச் சாப்பாட்டில் இல்லாத சத்தா என்று ஐயரையே கேட்டார். இந்தக் கதை மிஸ்ஸியின் காதுக்கு வந்தபோது, பருப்புச் சோறு வேலிக்கு அந்தப் பக்கம் காகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

சீசர் வீட்டுக்குத் திரும்பப் பிந்துகிற நாட்களில் அதைக் கூப்பிட்டு வர இரத்தினசிங்கம் பூரணியை அனுப்புவார். அப்படி ஒரு நாள் வந்தவர் மிஸ்ஸியின் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சூடைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பூரணி கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளை. கலியாணத்தோடு மீன் நின்றது. அவருக்கு விருப்பமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"பிட்டு இருக்குது. இருந்து சாப்பிடு" என்றார் மிஸ்ஸி.

பூரணி தலை நிமிராமல் சாப்பிட்டார். முள்ளைக் கூடச் சப்பித்தான் போட்டார். பிறகு கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "புஷ்பக்கா, கொண்டுவந்த கோழியெல்லாத்துக்கும் நான்தான் வாழையடியில கிடங்கு வெட்டித் தாட்டனான். அதின்ர வாயைக் கழுவி விட்டதும் நான்தான்."

மிஸ்ஸி கோபத்தில் அகப்பையை அவருக்கு நேரே நீட்டினார். "நீ அந்த மனிசனை விட மோசம். அவர் தெரியாத மாதிரி நடிக்கிறார். நீ தெரிஞ்சுகொண்டு மண்வெட்டி பிடிச்சிருக்கிறாய்."

பூரணி ஓம் என்றார். மிஸ்ஸி சட்டியிலிருந்து இன்னும் இரண்டு மீனை எடுத்து அவருடைய கோப்பையில் போட்டார்.

ஒரு காலையில் இரத்தினசிங்கமே நாயைத் தேடி வந்து, அது பாரைமீன் தலை ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து உடைப்பதைக் கண்டார். அன்று அவர் இரண்டு தரம் குளித்தார். மூன்றாம் நாள் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு போனது. தமது நாயை மிஸ்ஸி வேண்டுமென்றே மச்சம் தின்னப் பழக்கி, அதன் ஒழுக்கத்தைக் கெடுத்துவிட்டாராம்.

ஞாயிறு பின்னேரம் கூட்டம். குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கு ஆறு பேர் வந்த அதே கட்டடத்துக்கு அன்றைக்கு நாற்பது பேர் வந்தார்கள். இரத்தினசிங்கம் தலைமை தாங்கினார். தலைவரே எழுதிய முறைப்பாட்டைத் தலைவரே வாசித்து, முறைப்பாட்டாளரின் பொறுமையைத் தலைவரே பாராட்டினார். நாய் நாளாந்தம் எதிராளியின் வளவுக்குள் போய்வருகிறது என்பதை அழுத்திச் சொன்னார்.

மிஸ்ஸி எழும்பி, தனக்கு முன்பு வந்த கடிதத்தை வாசிக்கும்படி செயலாளர் நிவேதிகாவிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை குரல் நடுங்காமல் வாசித்தாள்: எக்காலத்திலும் பிரவேசித்ததில்லை.

"ரெண்டிலையும் உங்கட கையெழுத்துத்தான் இருக்குது, அண்ணன். எது பொய் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

சஜீத் பின்னால் இருந்து சிரித்துவிட்டான். இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்தது. நாய் இப்போது போவது கெட்ட பழக்கத்தால் என்றார். முன்பு போனதற்கு என்ன சாட்சி என்றார். தன்னுடைய வளவில் ஒரு இறகையாவது, ஒரு எலும்பையாவது கண்டவர் யாராவது இருந்தால் எழும்பிச் சொல்லட்டும் என்று மேசையில் தட்டினார்.

பூரணி பெண்கள் பக்கத்தில் கடைசி வாங்கில் இருந்தார். மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழையடி என்று ஒரு சொல் போதும். ஒரு மண்வெட்டியோடு கூட்டம் முடிந்துவிடும். மிஸ்ஸி அந்த வாங்கைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

"என்னட்டச் சாட்சி இல்லை" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

மிஸ்ஸி தோற்றுவிட்டார் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வாழையடி விஷயம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சங்கம் அவரைக் கண்டித்துத் தீர்மானம் எடுத்தது. கையை உயர்த்தியவர்களில் பலர் அவர் தூக்கிப் பார்த்த பிள்ளைகள். அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். இன்னாருக்குச் சின்ன வயதில் சிரங்கு போட்டது, இன்னாருக்கு வயிற்றோட்டம் நிற்காமல் இருந்தது என்று நினைத்தாரோ என்னவோ, சில கைகள் பாதியில் இறங்கின. கடைசியில், நாளைக்கும் மீன்தலை வைப்பன் என்று தான் சொன்னதையும் குறிப்பில் எழுதச் சொன்னார். நிவேதிகா எழுதினாள்.

அடுத்த புதன்கிழமை சஜீத்தின் மோட்டார் சைக்கிள் இரத்தினசிங்கத்தின் படலையில் நின்றது. ஒழுங்கை முழுக்கப் பார்த்திருக்கப் பூரணி ஒரு கிலோ சூடை வாங்கினார். பின்வளவில் கல்லு வைத்து அடுப்பு மூட்டி, புதுச் சட்டி வைத்துக் காய்ச்சினார். மிஸ்ஸி வேலியால் எட்டிப் பார்த்து, புளி காணாது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இரத்தினசிங்கம் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஈச்சிலம்பற்றில் இருக்கிற தமக்கையின் வீட்டுக்குப் போனார்.

அங்கே அறுவடைக் காலம். வேலையாட்களுக்கு மூன்று நேரமும் ஆற்றுமீன். எழுபத்தாறு வயதுத் தமக்கைக்குத் தனி அடுப்பு மூட்ட நேரமுமில்லை, விருப்பமுமில்லை. இருந்தால் இதைச் சாப்பிடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியின் சோற்றைச் சாப்பிடு என்று அவர் சொன்னதாகக் கேள்வி. சனிக்கிழமை பஸ்ஸில் தலைவர் திரும்பி வந்தார். குசினிக்குள் அவருடைய பருப்பு மூடி வைத்தபடி இருந்தது. பின்வளவில் மீன்சட்டியும் இருந்தது.

அதன் பிறகு அவர் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார்: பூரணியின் உடம்புக்கு மீன் கட்டாயம் என்று ஒரு பெரிய டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். கடையடியில் ஒருநாள் மிஸ்ஸி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த டொக்டர், அண்ணன்? முப்பத்தொரு வருஷம் வேலை செய்தனான், எனக்குத் தெரியாத ஆளோ?"

பெயர் மறந்துவிட்டது என்றார் இரத்தினசிங்கம். சீனி வாங்க வந்தவர் வாங்காமலே போனார்.

எங்கள் சங்கத்துக்கு இப்போதும் அவர்தான் தலைவர். சோம்பலும் பஞ்சியும் வேறு ஒருவரையும் கடிதம் எழுத விடவில்லை. சீசர் தன் வீட்டிலேயே மீன்தலை தின்கிறது. அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. போன மாதம் பூரணி தன் தம்பி வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பேட்டைக் கொண்டுவந்து மிஸ்ஸியின் கையில் கொடுத்தார். மிஸ்ஸி அதைத் தூக்கிக் காலைப் பார்த்தார், இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தார். கிழட்டுக் கோழி, இனி முட்டை போடாது, தம்பிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

சொல்லிவிட்டு, அதைக் கொண்டுபோய் மற்றக் கோழிகளோடு விட்டார்.